ஆறாவது பந்து

எனக்கு வாய் நீளம். லேப்ல கேட்டாலும் சொல்லுவாங்க, எங்க தெருவுல கேட்டாலும் சொல்லுவாங்க. "உன் வாய்க்கு ஒரு சுவிட்ச் வெச்சு விட்டிருக்கலாம்"னு என் வீட்டுக்காரர் இன்னிக்கும் சொல்றார். நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும். ஏன்னா அந்தப் பிள்ளைக்கு நான் பண்ணினதுல பாதி என் கை பண்ணினது, மீதி என் வாய் பண்ணினது.

போடிக்குப் பக்கத்துல ஒரு எஞ்சினியரிங் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் லேப் அசிஸ்டென்ட் நான். பாடம் நடத்துறவ இல்ல. ஆனா பிள்ளைங்க எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடும். வருசா வருசம் சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு எங்க காலேஜ் ஒரு ரோபோ போட்டி வைக்கும். பிள்ளைங்க சின்னதா ஒரு வண்டி செஞ்சு கொண்டாரும். தரையில கோடு போட்ட களம், ரெண்டு கோடியிலயும் ஒவ்வொரு கோல் போஸ்ட்டு. வண்டி பந்தைத் தள்ளிட்டுப் போய் போஸ்ட்டுக்குள்ள விடணும். மூணு நிமிசத்துல யாரு நிறையப் போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

முன்னெல்லாம் ஆள் வெச்சு எண்ணுவோம். எண்ணி முடிக்கிறதுக்குள்ள பெத்தவங்க சட்டையைப் பிடிச்சுக்குவாங்க. அதுக்காகத்தான் நானே ரெண்டு போஸ்ட்டு செஞ்சேன். பலகையில செஞ்சு கறுப்பு பெயின்ட் அடிச்சது, பார்க்க வீட்டு வாசல் நிலையைக் குட்டியாக்கின மாதிரி இருக்கும். ஒரு காலுல இருந்து இன்னொரு காலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும், டிவி ரிமோட்டுல இருந்து வருமே அந்த ஒளிதான். அதை வாங்குறதுக்கு எதிர்க்காலோட உள்பக்கத்துல மிளகு அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணு. பந்து குறுக்க போனா ஒளி அறும். பந்து தாண்டினதும் ஒளி மறுபடி கண்ணுல விழும். விழுந்த அந்த நொடியில மேல போர்டுல சிவப்பு நம்பர் ஒண்ணு ஏறும், 'டொய்ங்'னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு என் பிள்ளை முதமுதல்ல பேசினப்ப இருந்த பெருமை. போற வர்றவங்க கிட்டயெல்லாம், "என் போஸ்ட்டு பொய் சொல்லாது"ன்னு பீத்திக்குவேன்.

இந்தத் தடவை எங்க காலேஜ் ஹால் வேற சோலிக்குப் போயிருச்சு. முகூர்த்த மாசம், மண்டபமும் கிடைக்கல. கடைசியில ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் தன்னோட பழைய ஸ்டோரை ஒருநாளைக்கு விட்டுக் குடுத்தார். காயைக் கொண்டாந்து அடுக்கி வைக்கிற இடம். தகரக் கூரை, மேல சின்னச் சின்ன சன்னல், பின்னாடி தார்பாய் மூடின மூட்டைகள். உள்ள நுழைஞ்சா வாசம் தொண்டையைப் பிடிக்கும். அது மார்கழிக் குளிர். மலைப்பக்கம் இருந்து சாரலும் மஞ்சும் இறங்கி வந்து, காலையிலயே சாயங்காலம் மாதிரி இருந்துச்சு. கூரை அப்பப்ப 'டப்'னு ஒரு சத்தம் போடும். மேல யாரோ கால் வெச்ச மாதிரி.

எங்க ஊர்ல பொட்டு வைக்காம எந்த மெஷினும் ஓடாது. லாரி வாங்கினாலும் பூசை, மாவரைக்கிற கிரைண்டர் வாங்கினாலும் பூசை. அன்னிக்கும் சூடம் காட்டி, ஒவ்வொரு ரோபோவுக்கும் சக்கரத்தடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினோம். சந்தனம் குங்குமம் என் கையில. டைமருக்கு வெச்சேன், மைக்குக்கு வெச்சேன், இன்னும் மேசை மேலயே இருந்த என் ரெண்டு போஸ்ட்டுக்கும் வெச்சேன். அந்த நேரம் பார்த்து மைக் செட்டுக்காரர் என் பிளக்கைப் பிடுங்கிட்டுத் தன் பிளக்கைச் சொருகிட்டிருந்தார். "ஏண்ணே, உங்களுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? எடுத்த எடத்துல வையுங்க!"ன்னு கழுத்தைத் திருப்பிக் கத்திக்கிட்டே பொட்டு வெச்சு முடிச்சேன்.

சூடத்தட்டைச் சுத்திக் காட்டும்போது ஒரு அம்மா மட்டும் தூணுக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னாங்க. கம்பளிச் சட்டை, தலையில துண்டு, நெத்தி வெறுமை. "உள்ள வாங்கம்மா, குளுருல நிக்காதீங்க"ன்னேன். "இருக்கட்டும் டீச்சர். பூசை முடியட்டும்"னாங்க. மேல ஏலத் தோட்டத்துல காய் பறிக்கிறவங்க, புருசன் போய் ஒரு வருசம்தான் ஆகுதுன்னு பக்கத்துல யாரோ சொன்னாங்க. மக போடியில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா, பதினொண்ணாவது. அவ ஆட்டத்தைப் பார்க்கத்தான் ஒருநாள் கூலியை விட்டுட்டு ஜீப்பு ஏறி வந்திருந்தாங்க.

மக ஒல்லியா, பெரிய கண்ணா இருந்தா. கூட ஹாஸ்டல் தோழி ஒருத்தி. இவங்க வண்டிக்கு ரப்பர் செருப்பை வட்டமா வெட்டிச் சக்கரம், ஓட்டுறதுக்குப் பழைய ஜீப்பு வைப்பர் மோட்டாரு. டவுனு ஸ்கூல் பிள்ளைங்க கடையில பெட்டியோட வாங்கின ரோபோவோட வந்து நின்னுச்சுங்க. எனக்குச் செருப்புச் சக்கரத்தைப் பார்த்ததுமே மனசு அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. அதையும் சொல்லிடணும். அந்தப் பிள்ளைகிட்ட எனக்கு ஒரு பகையும் இல்ல.

பத்து மணிக்கு ஒரு சோதனை ஓட்டம் விட்டோம். களத்துல பந்தே இல்ல. இடது போர்டுல 'டொய்ங்'. ஒண்ணு.

எல்லாரும் சிரிச்சாங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருந்த பொட்டிபுரத்து வேன் டிரைவர், "எங்க ஊரு மலையைக் குடைஞ்சு, கண்ணுக்கே தெரியாம எல்லாத்தையும் ஊடுருவிப் போற நியூட்ரினோவை எண்ணப் போறோம்னாங்கக்கா. அது இங்க வந்திருச்சு போல"ன்னார். நானும் சிரிச்சேன். ஸ்டோரைக் கூட்டுற அம்மா மட்டும் சிரிக்கல. விளக்குமாத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "ஆத்தா, அது சும்மா எண்ணல. யாரையோ எண்ணுது"ன்னாங்க. "போய்க் கூட்டுங்க"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். ஆனா அதட்டிட்டு நானே களத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கிட்டேன்.

காலை ஆட்டங்கள்ல இன்னொரு தடவை, இடது பக்கம் ஆடின அணிக்கு ஒண்ணு கூடுதலா ஏறின மாதிரி எனக்குத் தோணுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அவங்க எப்படியும் நிறைய வித்தியாசத்துல ஜெயிச்சிருந்தாங்க. கூட ஒண்ணு வந்தா யாரு வந்து புகார் சொல்லப் போறா?

மதியம் எல்லாரும் பக்கத்துத் தெருவுக்குச் சாப்பிடப் போனாங்க. சாமான் திருடு போயிரக் கூடாதுன்னு நான் மட்டும் முன்கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். ஃபேனு சுத்தல, ஒரு ஈ கூடப் பறக்கல. சன்னல் வழியா மஞ்சு மெதுவா உள்ள வந்து கூரைக்குக் கீழ நின்னுச்சு.

'டொய்ங்.'

வாயில வெச்ச சோறு அப்படியே நின்னுபோச்சு. இடது போர்டுல ஒண்ணு. வலது போர்டு பூச்சியம். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், 'டொய்ங்', ரெண்டு. களம் காலியா கிடக்கு. கோடு போட்ட வெள்ளைத் தரையில ஒரு நிழல் கூட இல்ல. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. சரி, விட்டுச்சுன்னு மூச்சு விட்டேன். மூணு.

"யாரு?"ன்னேன். சத்தியமா அப்படித்தான் கேட்டேன். பத்தொன்பது வருசமா சர்க்யூட்டோட கிடக்கிறவ, ஒரு பலகையைப் பார்த்து யாருன்னு கேட்டேன். அப்புறம் எனக்கே வெட்கமாப் போய், "சனியனே!"ன்னு எந்திரிச்சுப் போய் வயரை ஆட்டிப் பார்த்தேன், பிளக்கை அழுத்திப் பார்த்தேன். குனிஞ்சு உள்பக்கம் பார்க்கல. எனக்கு இடுப்பு வலி, தரையோட தரையா இருக்கிற போஸ்ட்டுக்குள்ள தலையை விட்டுப் பார்க்க முடியாது. கூட, உண்மையைச் சொன்னா, அதுக்குள்ள பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு.

திரும்பினா பின்கதவுல அந்தச் செருப்புச் சக்கரத்துப் பிள்ளையோட அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. எவ்வளவு நேரமா நிக்கிறாங்கன்னு தெரியல. கண்ணு போர்டு மேல இருந்துச்சு.

"அது யாரு டீச்சர் போடுறது?"

"யாருமில்லம்மா. நான்தான் டெஸ்டு பண்றேன்"னேன்.

அவங்க தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. நான் நம்பரை அழிச்சு பூச்சியத்துல வெச்சேன். எல்லாரும் திரும்பி வந்தப்ப நடுவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'சார், இடது போஸ்ட்டு கிறுக்குப் பண்ணுது, அரை மணி நேரம் குடுங்க.' அவ்வளவுதான். சொல்லல. என் போஸ்ட்டாச்சே! ஊர் பூரா பீத்திக்கிட்டவ எப்படிச் சொல்றது? அதுக்கப்புறம் ரெண்டு ஆட்டம் வலது இடது ரெண்டும் ஒழுங்கா எண்ணுச்சு. சரியாப் போச்சுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

பைனல்ல செருப்புச் சக்கரமும் டவுனு ஸ்கூலும். நாணயம் சுண்டினதுல மலைப் பிள்ளைகளுக்கு இடது போஸ்ட்டு வந்துச்சு. ஜெயிக்கிற அணி சென்னையில நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போகும்.

அந்த ஆட்டம் மாதிரி ஒண்ணை நான் பார்த்ததில்ல. பெட்டியில வாங்கின ரோபோ வழுக்குது, செருப்புச் சக்கரம் தரையைக் கவ்விப் பிடிச்சுப் போகுது. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஏறி அஞ்சுக்கு அஞ்சு. சமமா முடிஞ்சா முதல் பந்தை முந்திப் போட்டவங்களுக்குக் கப்பு, அது டவுனு ஸ்கூல். மலைப் பிள்ளைங்க கையில கடைசியா ஒரு பந்து. அந்தப் பிள்ளை முட்டி போட்டு, கன்னம் தரையில படுற மாதிரி குனிஞ்சு போஸ்ட்டுக்குள்ள பார்த்தா. அவ கை போஸ்ட்டுப் பக்கம் போச்சு. தொடாம திரும்பி வந்துச்சு. வேகமா ரிமோட்டை எடுத்தா, வண்டி பந்தைத் தள்ளிக்கிட்டுப் போஸ்ட்டுக்குள்ள நுழைஞ்சுச்சு. மணி அடிச்சுது.

போர்டு அஞ்சுலயே நின்னுச்சு.

"போயிருச்சு! மணிக்கு முன்னாடியே போயிருச்சு!"ன்னு அவ கத்தினா. வண்டி மறைச்சதால நடுவருக்குப் பந்து தெரியல. மணி அடிச்ச பிறகு உருண்ட பந்தும் உள்ளதான் கிடக்கும், அதனால உள்ள கிடக்கிற பந்தைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. போர்டு சொல்றதுதான் முடிவு. நடுவர் என்னைப் பார்த்தார். "உங்க சென்சார் சரியா வேலை செய்யுதா? சந்தேகம் இருந்தா மறுபடி ஆட வெச்சிருவோம்."

இருநூறு கண்ணு என் மேல. மதியம் மூணு ஏறினது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் இல்லைன்னு சொன்னா அது இன்னொரு பொய்.

"சரியாத்தான் இருக்கு சார். சென்சார் பொய் சொல்லாது. மனுசங்கதான் சொல்லுவாங்க"ன்னேன். மைக் பக்கத்துல இருந்ததால ஸ்டோர் பூரா கேட்டுச்சு.

அந்தப் பிள்ளை மொகம் செத்துப்போச்சு. "நான் கள்ளம் பறையல டீச்சர்"னா. பொய் சொல்லலைங்கிறா. மேல மலையாளத்துக்காரங்களோட வளர்ந்த பிள்ளை, அழுகை வந்தா அந்தப் பேச்சு வந்துரும் போல. இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. போஸ்ட்டைப் பார்த்தா, தூணுக்கிட்ட நின்ன அம்மாவைப் பார்த்தா, வாயை மூடிக்கிட்டா. அவங்க அம்மா வந்து அவ கையைப் பிடிச்சு, "பெரியவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். வா வெளிய"ன்னு இழுத்துட்டுப் போனாங்க. மக திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனா.

அஞ்சு மணிக்கு எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான் மட்டும் போஸ்ட்டைக் கழட்ட நின்னேன். வெளிச்சம் மங்கி, மூட்டைகளுக்குப் பின்னாடி இருட்டு கட்டியிருந்துச்சு. மணி அடிச்சதும் நின்ன போர்டை மறுபடி ஓட விட்டுட்டுத்தான் பிளக்கைப் பிடுங்குவேன், அது என் பழக்கம். அன்னிக்கும் ஓட விட்டேன். இடது போர்டுல அந்தப் பிள்ளையோட அஞ்சு இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போஸ்ட்டைப் பெயர்த்துச் சாய்ச்சப்பதான் உள்பக்கம் என் கண்ணுல பட்டுச்சு.

என் பொட்டு. காசு அகலத்துக்குச் சந்தனம், நடுவுல குங்குமம். முன்பக்கம் பூரா காலேஜ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால உள்பக்கம் வெச்சிருந்தேன். வலது போஸ்ட்டுல கண்ணுக்கு ஒரு விரல் மேல. இடதுல, மைக் செட்டுக்காரரைப் பார்த்துக் கத்திக்கிட்டே வெச்சேனே, சரியா கண்ணு மேலயே.

அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். எல்லாம் ஒரு நொடியில புரிஞ்சுபோச்சு. ஈரமா இருந்தவரைக்கும் சந்தனத்து வழியா ஒளி கொஞ்சம் கொஞ்சம் கசிஞ்சிருக்கு. விட்டு விட்டுத் தெரிஞ்ச ஒவ்வொரு தடவையும் ஆளில்லாம ஒண்ணு ஏறியிருக்கு. மலைக் குளிருல சாயங்காலம் வரைக்கும் மெல்ல மெல்லக் காய்ஞ்சு, கடைசிப் பந்து போகும்போது கண்ணு முழுசா மூடிக்கிச்சு. பந்து போயிருக்கு. ஒளி திரும்பிக் கண்ணுக்கு வரல.

நகத்தால சுரண்டினேன். பொட்டு ஒரே வில்லையா கழண்டு உள்ளங்கையில விழுந்துச்சு.

'டொய்ங்.'

ஆறு.

காலி ஸ்டோர்ல அந்தச் சத்தம் கேட்டதும் நான் அலறிட்டேன். பயத்துல இல்ல. அவ பந்து அது. அது வரைக்கும் உள்ள காத்துக்கிட்டு இருந்து, எல்லாரும் போனப்புறம் எங்கிட்ட மட்டும் வந்து சொல்லிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

நடுவருக்குப் போன் போட்டேன். "விடுங்கம்மா, கப்பு குடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு. இப்பப் போய் மாத்தினா காலேஜுக்குத்தான் அசிங்கம்"னார். அவரைத் திட்டினேன். திட்டி என்ன பண்ண? போன்ல திட்டுறது எனக்கு எளிசு. அந்தப் பிள்ளைகிட்டப் பேசத்தான் தைரியம் வரல. இன்னிக்கு நாளைக்குன்னு நாளை ஓட்டினேன்.

ஒன்பதாவது நாள் கடைத்தெருவுல அவ ஹாஸ்டல் தோழியைப் பார்த்தேன். அரையாண்டு லீவு நடந்துக்கிட்டு இருந்துச்சு. "அவ இனிமே வரமாட்டா டீச்சர். 'ஊரு முன்னாடி பொய் சொல்லவா உன்னைப் படிக்க அனுப்பினேன்'னு அவங்க அம்மா அன்னிக்கே கூட்டிட்டுப் போய்ப் பெட்டியைப் பரண்ல ஏத்திட்டாங்க. அவளும் காய் பறிக்கப் போறா"ன்னா தோழி.

மறுநாள் விடியுமுன்ன தோட்டத்து ஆளுங்க போற ஜீப்புல நெருக்கியடிச்சு உட்கார்ந்துக்கிட்டேன். போடிமெட்டு வளைவுகள்ல ஏற ஏற மஞ்சு கட்டி, முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டு மட்டும் ரெண்டு புள்ளியா தெரிஞ்சுச்சு. எனக்கு அது போர்டு நம்பராவே தெரிஞ்சுது. கண்ணை மூடிக்கிட்டேன்.

அவ ஏலச் செடிகளுக்கு நடுவுல குத்தவெச்சு, தூருல இருந்து காய் பறிச்சுக்கிட்டு இருந்தா. செடி ஆள் உயரத்துக்கு மேல, உள்ள வெளிச்சமே இல்ல. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுக் கையைப் பாவாடையில துடைச்சா.

"உன் பந்து போச்சுத்தா. நீ சொன்னது நிஜம். நான் வெச்ச பொட்டு கண்ணை மறைச்சிருச்சு"ன்னேன்.

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"கடைசிப் பந்துக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்தேன்ல. கண்ணு மேல பொட்டு இருந்துச்சு."

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "கூறுகெட்டவளே! தெரிஞ்சுமா? கையால ஒரு தடவை துடைச்சு விட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே! அத்தனை பேரு முன்னாடி நான் பேசினப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "அழிக்க வரல டீச்சர். கறுப்பா, அந்த மரத்துல... பார்க்க மொகம் மாதிரியே இருந்துச்சு. எங்க அப்பா காரியத்தன்னிக்கு அம்மா நெத்தியில பொட்டை அழிச்சாங்கள்ல, நான்தான் செம்புல தண்ணி பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

என் வாய்க்கு அப்பத்தான் அந்த சுவிட்ச் விழுந்துச்சு.

"அம்மாகிட்டப் பொட்டைப் பத்திச் சொல்லாதீங்க டீச்சர். தன்னாலதான்னு நெனச்சு அழுவாங்க"ன்னா.

அவங்க அம்மா கூடையோட மேல் வரிசையில இருந்து இறங்கி வந்துக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் பதறி, "டீச்சர், இவ இன்னும் ஏதும் தப்புப் பண்ணிட்டாளா?"ன்னாங்க.

"இல்லம்மா. உங்க மக பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்"னேன். "மதியம் போர்டுல நம்பர் தானா ஏறிச்சே, நீங்க யாருன்னு கேட்டீங்களே. நான் டெஸ்டு பண்ணல. மெஷின் கெட்டுப் போயிருந்துச்சு. நான் செஞ்ச மெஷினாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். பந்து போனது போனதுதான். ஆறாவது பந்து. உங்க மக ஜெயிச்சா."

அந்தம்மா என்னைத் திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்க கூடையை மெதுவா கீழ வெச்சாங்க. என்னைப் பார்க்கல, மகளைத்தான் பார்த்தாங்க. பச்சைக் கறை பிடிச்ச அவ விரலை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

"பத்து நாளா இவகூட நான் ஒரு வார்த்தை பேசலையே, டீச்சர்"னாங்க.